செவலை எழுந்து நின்ற நேரம்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்கு என் கணவர் கூட்டிப்போகும் குதிரை செவலை. என்னைவிட அதனிடம்தான் அவர் அதிகம் பேசுகிறார் என்று எனக்கு உள்ளூர எரிச்சல் உண்டு.

போன வருடம் அது முன்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டியது. மூட்டுக்குள் ஒரு எலும்புச் சில்லு உடைந்து கிடந்தது. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இரண்டு சிறு துளைகள் போட்டு, கேமராக் குழாயை உள்ளே விட்டு, அதை எடுத்துவிட்டார்கள். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"இனிமேதான் பயமே," என்றார் டாக்டரம்மா. "மயக்கம் தெளியறதுக்குள்ள அவசரப்பட்டு எந்திரிச்சா கால் ஒடிஞ்சிடும். அப்புறம் காப்பாத்த முடியாது. உங்க குரல் கேட்டா எந்திரிக்கப் பாக்கும், அதுக்குக் கேக்கவே கூடாது."

சுற்றிலும் மெத்தை பதித்த அறையில் செவலை கிடந்தது. கண்ணாடி வழியே பார்க்க என் கணவருக்குத் தைரியமில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

செவலை திமிறி எழுந்தது. கால்கள் பின்னித் தொப்பென்று விழுந்தது.

"என்ன புள்ள சத்தம்?" என்று கிசுகிசுத்தார்.

"ஒண்ணுமில்லீங்க. படுத்துத்தான் இருக்குது," என்று பொய் சொன்னேன்.

மறுபடி எழுந்தது, மறுபடி சரிந்தது. 'அவசரப்படாதடி, படுத்துக்க' என்று வாய்க்குள்ளேயே மன்றாடினேன்.

கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு முன்னங்கால்களை நீட்டி, உடல் நடுங்க எழுந்து நின்றது. அவர் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.

அவருக்காகத்தான் அழுகிறேன் என்று அப்போது நினைத்தேன். ஊர் திரும்பும் வழியில்தான் புரிந்தது, அந்தக் குதிரை என்றைக்கோ எனக்கும் சொந்தமாகிவிட்டது என்று.