அத்தை கொடுத்த மனு

அப்பா எம்.எல்.ஏ. ஆனதும் எங்கள் வீட்டில் வந்த முதல் சண்டை நாற்காலிக்காகத்தான். திண்டிவனத்திலிருந்து இருபது பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்து வாசலில் போட்டார். மனு கொடுக்க வந்த எங்கள் காலனிக்காரர்கள் ஒருவராவது உட்கார வேண்டுமே! இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இவர்கள் கூலி வேலை செய்த காலத்தில், விடியும் முன்பே வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களாம். பெரட்டு என்று அதற்குப் பெயர். கப்பலேறி இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், எதையாவது கேட்கப் போனால் அவர்கள் கால் தானாக வரிசையில் நின்றுவிடும்.

"உக்காருங்கய்யா! நான் என்ன தோட்டத்துத் தொரையா?" என்று அப்பா கத்துவார். அவரும் அதே கப்பலில் வந்தவர்தான். முள்ளுக்காட்டை வெட்டி மல்லாட்டை விதைத்து, கூலிக்காரர்களுக்காகக் கொடி பிடித்து, ஓட்டு வாங்கி வெள்ளைச் சட்டைக்கு வந்தவர்.

அந்த வரிசையில் திங்கட்கிழமை தவறாமல் அத்தையும் நிற்கும். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா! எனக்கு மானம் போகும். உள்ளே கூப்பிட்டால், "இருடி, என் மொறை வரட்டும்" என்று சொல்லும். மனுவில் எப்போதும் ஒரே விஷயம்தான். எல்லாருக்கும் இந்தியா வரக் காகிதம் கிடைத்தபோது, கட்டிக்கொடுத்த மூத்த மகளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பெரியவளை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"மேல அனுப்பிக்கினுதான் இருக்கேன்க்கா" என்பார் அப்பா.

ஒரு நாள் அப்பா சட்டசபைக்குப் போயிருந்தார். கலர் பென்சில் தேடிப் பீரோவைக் குடைந்தபோது, அத்தையின் மனுக்கள் கட்டுக்கட்டாக ஒரு மஞ்சள் பையில் கிடந்தன. எனக்கு வந்ததே கோபம்! பெரிய திருட்டைக் கண்டுபிடித்தவள் போலப் பையோடு காலனிக்கு ஓடினேன்.

"பாரு அத்தே, உன் தம்பி பண்ற வேலைய! ஒண்ணுகூட அனுப்பல!"

அத்தை கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தது. அதற்குப் படிக்கத் தெரியாது. பைக்குள் கைவிட்டுத் துழாவி, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை எடுத்து, "இது என்னாடி?" என்றது.

பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான். நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மழையில் மலை சரிந்ததாம். தோட்டத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் கடைசி இரண்டும் புதைந்துபோனதாம். சரோஜாவைத் தோண்டியெடுத்து அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். பெரியவள் என்பதைத் தவிர அவளுக்கு இன்னொரு பேர் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"இன்னொரு தபா படி கண்ணு" என்றது அத்தை.

என் வாசிப்பு பிடித்துப்போய்த்தான் கேட்கிறது என்று இன்னும் சத்தமாகப் படித்தேன். களி அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் பையில் அடுக்கிக் கொடுத்தது.

"எடுத்த எடத்துலயே ஜல்தி வெச்சுடு. அப்பாகிட்ட மூச்சு வுடாத. பாவம், தாங்காது."

அடுத்த திங்கட்கிழமையும் அத்தை வரிசையில் நின்றது. கையில் அதே மனு. அப்பா முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, "அனுப்பிக்கினுதான் இருக்கேன்க்கா" என்றார்.

"சரிப்பா. ஒடம்பப் பாத்துக்கோ."

இத்தனை தெளிவாகப் படித்துக் காட்டியும், அப்பா ஏமாற்றுவது இந்த அத்தைக்கு விளங்கவில்லையே என்று எனக்கு அன்றைக்கெல்லாம் ஒரே எரிச்சல்.