கணவாயிலிருந்து வராத செய்தி

2018 மார்ச் 5. அன்றுதான் அனிபா கடைசியாகச் சாய்ரகுலுக்கு வணக்கம் சொன்னாள். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் அலுவலகங்களில் வயதில் சிறியவள்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்; மூத்த ஆணைப் ‘பைகே’ (அண்ணா) என்றும் மூத்த பெண்ணை ‘எஜே’ (அக்கா) என்றும் அழைக்க வேண்டும். தன் பதவி உயர்வைத் தட்டிப்பறித்தவளுக்கு எதற்கு வணக்கம் என்பது அனிபாவின் கட்சி. வணக்கம் சொல்லாதவளிடம் நான் ஏன் வாய் திறக்க வேண்டும் என்பது சாய்ரகுலின் கட்சி.

அடுத்த இலையுதிர் காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை வேலை இருவர் தலையிலும் விழுந்தது. மலைக் கணவாயிலிருந்து செய்தி அனுப்பும் ஜாவா நிரல் அனிபாவுடையது. நகரத்தில் அதைப் பெறும் நிரல் சாய்ரகுலுடையது. நடுவே இரு நிரல்களும் பேசிக்கொள்ள ஒரு சாக்கெட் இணைப்பு. சோதனை நாளன்று இணைப்பு கிடைத்தது, செய்தி மட்டும் வரவில்லை. தவறு யாருடையதோ அவர் குளிர்காலம் முழுக்கக் கணவாய்க் குடிலில் காவலிருக்க வேண்டும் என்று மேலதிகாரி தெமிர்குல் சொல்லிவிட்டார். அனிபாவால் ஊரை விட்டுப் போக முடியாது. மகளுக்குப் பள்ளியில் கடைசி ஆண்டு.

சாய்ரகுல் சம்சாவைக் கடித்தபடி சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“ஊமை நிரல் எழுதிட்டா சத்தம் எங்கேர்ந்து வரும்?”

“காது கேக்காதவங்களுக்கு எல்லாருமே ஊமைதான்,” என்று அனிபா தன் திரையிடம் சொன்னாள்.

பிறகு இணைப்பில் போகும் எழுத்துகளைப் பிடித்துப் பார்த்தாள். செய்தி முழுசாகவே போய்ச் சேர்ந்திருந்தது. சாய்ரகுலின் நிரலைத் திறந்தாள். அது வரி வரியாகப் படிப்பது; வரி முடிந்ததற்கான குறி வரும்வரை அசையாது. அந்தக் குறியை அனிபா அனுப்பவே இல்லை. அனுப்பியதற்குப் பதில் வரட்டும் என்று இவள் நிரல் காத்திருக்க, வரி முடியட்டும் என்று அவள் நிரல் காத்திருந்தது. முன்பு அலுவலக மேசையில் சோதித்தபோது ஒவ்வொரு செய்திக்கும் பின் அனிபா இணைப்பை மூடியிருந்தாள். மூடியதையே முடிவாக எடுத்துக்கொண்டு எல்லாம் ஓடியிருந்தது. கணவாயிலோ இணைப்பு மூடப்படுவதே இல்லை.

குறியைச் சேர்த்தாள். செய்தி வந்துவிட்டது. யார் தவறு என்று தெமிர்குல் கேட்டார்.

“குறி அனுப்பாதது நான்தான், பைகே. ஆனா குறி வேணும்னு எஜே எங்கேயும் சொல்லல.”

“கேட்டாளா?” என்றாள் சாய்ரகுல்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

“வணக்கம் சொல்லிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

தெமிர்குல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓட்டுநரைக் கூப்பிடச் சொன்னார்.

திங்கட்கிழமை கணவாய்க்குப் போகும் வண்டியில் இருவருக்கும் இடம் போட்டாகிவிட்டது. அனிபாவின் மகள் வசந்தம் வரை சித்தி வீட்டில் இருப்பாள். குடிலில் அடுப்பு ஒன்றுதான்.