நன்றியை வாங்கிக்கொள்ளாத சவரிமுத்து

சவரிமுத்து இறந்த செய்தியை எங்கள் ஃபாக்டரி மேஸ்திரிதான் வந்து சொன்னார். திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மறுநாள் அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இருந்தது. அவர் என்னென்ன கேட்பார், நான் எதையெதை மறுப்பேன் என்று யோசித்து வைத்திருந்தேன். "இப்படிப் பாதியில வுட்டுட்டுப் போயிட்டானே" என்றேன். மேஸ்திரி அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார். அது கோபம்.

படத்திறப்பு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கேட்டபோது, பொய் எழுத வராது என்று சொன்னேன். "புகழ்ச்சிய நாங்களே எழுதிக்குவோம்ங்க. நீங்க நடந்தத எழுதுங்க" என்றார்கள். அவரை அறிந்த உங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் தொழில் நடத்தும் எங்களில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. மின்கம்பங்களுக்கான பீங்கான் செய்யும் என் ஃபாக்டரிக்குச் சூளை வேலைக்கு வந்தவர், சங்கச் செயலாளர் ஆனார். என் அறைக்கு வந்தால் உட்காரமாட்டார். "உங்க நாக்காலில உக்காந்தா உங்க பேச்சுதாங்க என் வாயில வரும்" என்பார். என் பேரைச் சொல்லி அவர் போட்ட கோஷத்தை என் மகள் ஸ்கூலில் பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாள். அதை நான் மறக்கவில்லை.

பெரிய சண்டை, சில வருஷங்களுக்கு முன், எங்கள் ஃபாக்டரியில் வேலை பார்த்த செல்வியால் வந்தது. சூளைக்குப் போகவிருந்த பீங்கான்களைப் பலகையோடு சூப்பர்வைசர் காலடியில் போட்டு உடைத்தாள் என்று அவளை வேலையைவிட்டு நிறுத்தினேன். அந்த ஆள் அசிங்கமாகப் பேசியதில் பலகை கைதவறிவிட்டது என்றார் சவரிமுத்து. வேலைநிறுத்தம் தொடங்கியது. கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சூளை அணைந்தது.

அந்த நேரத்தில்தான் என் மனைவி வசந்தாவுக்கு விடாத காய்ச்சல். கடலூரில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ரத்தமும், பிளேட்லெட் என்கிற தட்டணுவும் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கொடுக்க ஆட்களைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். நான் போன் போடாத ஆள் இல்லை. சொந்தக்காரர்களுக்கு எல்லாம் அன்றைக்கென்று கல்யாணம் இருந்தது. என்னோடு சேர்ந்து சங்கத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட முதலாளிகளில் ஒருவருக்குச் சுகர், இன்னொருவருக்குப் பிரஷர். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை அனுப்பினார்கள். அந்தக் கைகளை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பந்தலில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாகச் சவரிமுத்து. அவர் பின்னால் செல்வி.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இதுக்குப் பதிலா உனக்கு என்ன வேணும் சவரி?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட கேக்க வேண்டியத கேட்டுல கேட்டுக்கிட்டு இருக்கோம். இது அம்மாவுக்கு. ரத்தம் எங்க குடுக்கணும்னு சொல்லுங்க."

செல்வியைப் பரிசோதித்த நர்ஸ், "உனக்கே ரத்தம் கம்மியா இருக்குதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. மகளோ சின்னப் பெண். செல்வி உள்ளே போய் வசந்தாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். வாந்தி ஏந்தினாள், உடம்பு துடைத்தாள், கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடியை வசந்தா பார்ப்பதற்கு முன் அள்ளி எறிந்தாள். வெளியே வரும்போது எதிரில் நான் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஊரிலும் அப்படித்தான். சவரிமுத்து யாரிடம் என்ன சொன்னாரோ, மாதா கோயில் தெருப் பெண்கள் மகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் அவளை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வேன் வந்துகொண்டே இருந்தது. கோஷமும் நிற்கவில்லை. ரத்தம் கொடுத்தவர் ஊர் திரும்பிப் பந்தலில் உட்கார்ந்து என் பேரைச் சொல்லி ஒழிக என்பார்.

வசந்தா கொஞ்சம் தேறியதும் வராந்தாவில் சவரிமுத்துவைக் கூப்பிட்டு, "செல்விய நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு. நன்றி மறக்கற ஆளு இல்ல நானு" என்றேன். மனசாரச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"வாந்தி ஏந்தினதுக்குக் கூலியா வேலைய குடுக்கறீங்களா?"

"வேல வேணும்னுதானே கேட்ட?"

"அவ மேல தப்பு இல்லன்னு எழுதிக் குடுங்க, வரட்டும். இல்ல, தப்புன்னே வச்சிக்கிங்க, சண்ட போடுவோம். உங்க நன்றிய வாங்கிக்கிட்டு வேலைக்கு வந்தா நாளைக்கு ரத்தம் குடுக்காதவன் கதி என்னங்க?"

"தப்பு பண்ணவளுக்கு எப்படி எழுதிக் குடுக்கறது?"

இரண்டு பேரும் கத்தினோம். செக்யூரிட்டி வந்து வெளியே தள்ளினார். ரோட்டோரத்தில் நின்று மறுபடி கத்தினோம். என்னுடைய நன்றியை லஞ்சம் ஆக்கிய மனிதர் அவர். அதற்காக இன்னும் எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது. அன்று மாலையே தட்டணு கொடுக்க அவர் அனுப்பிய இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

வசந்தா வீடு திரும்பினாள். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "வேலநிறுத்தம் முடியாம மொதலாளி வூட்டுல கை நனைக்கமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். அவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பந்தலுக்கே போய்விட்டாள். நான் காரில் துரத்திக்கொண்டு போய்ப் பார்த்தபோது, அவர்கள் நடுவில் உட்கார்ந்து செல்வி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று கோஷத்தை நிறுத்தியிருந்தார்கள்.

"எழுந்து வா" என்றேன்.

"நீங்க போங்க. இவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு வரேன்" என்றாள்.

அவளைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு சவரிமுத்து என் காரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கோஷம் மறுபடி ஆரம்பித்தது.

கடைசியில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நான்தான் இறங்கிவந்தேன். செல்விமேல் குற்றம் இல்லை என்று, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவள் இன்றும் எங்கள் பேக்கிங்கில் இருக்கிறாள். அவள் வேண்டுமென்றுதான் உடைத்தாள் என்று நான் இன்றும் நம்புகிறேன். சவரிமுத்து இருந்தால் இந்த வரியைப் படித்துவிட்டு நேராக என் அறைக்கு வந்திருப்பார்.

அடக்கத்துக்குப் போனேன். வசந்தா முன்னால் போய் அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒரு கை மண் போட்டேன். "உங்களதாங்க அதிகமா திட்டுவாரு" என்றார் அவர் மனைவி. "தெரியும்மா" என்றேன். வேறு ஆறுதல் எதுவும் எங்களுக்கு அகப்படவில்லை.

அவர் என்னோடு சமாதானம் ஆகவில்லை. நானும் ஆகவில்லை. ஆனால் அவரிடமிருந்து ஒன்று என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. போன மாதம், நல்லூர்ப் பக்கத்து நிலத்துக்காக என்மேல் கேஸ் போட்டிருப்பவரின் மகன் விபத்தில் அடிபட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்த மனிதரை வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வயதுக்கு ரத்தம் எடுக்கமாட்டோம் என்றார்கள். நான் கூட்டிப்போயிருந்த எங்கள் ஃபாக்டரிப் பையன்கள் கொடுத்தார்கள். அவர் மருந்து வாங்க ஓடிய நேரமெல்லாம் வார்டு வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.