யாரும் அவிழ்க்காத முடிச்சு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு நான் யார்? எட்டாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசியே காலம் தள்ளினேன். சொந்தமாக நாலு வரி கோத்து எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேஷத்தோடு வருகிற தைரியம் வேஷத்தோடேயே போய்விடும். விளாங்குடியில் மாடு பத்திக்கொண்டிருந்தவன் எப்படிச் சினிமாவுக்கு வந்தான் என்று எழுதும்படி தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். அதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அதைத்தான் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு விளாங்குடியில் கொஞ்சம் நஞ்சை, ஒரு கிணறு. தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் உழவு பார்ப்பான். நான் கமலையில் தண்ணீர் இறைப்பேன். மாட்டைப் பின்னுக்கும் முன்னுக்கும் நடத்திக்கொண்டு நாள் முழுக்கப் பாடுவேன். கிணற்றுக்குள் போய் மோதி அந்தச் சத்தம் என்னிடமே திரும்பி வரும். அப்படி வந்ததுதான் என் தொண்டை. ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்குப் பதினேழு வயசிருக்கும்போது மதுரையில் ஒரு நாடகக் கம்பெனி முகாம் போட்டிருந்தது. டவுனுக்கு வைக்கோல் வண்டி ஓட்டிப் போன ஒரு நாள், வண்டியை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய் வேலை கேட்டேன். மானேஜர் பாடச் சொன்னார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டுப் பாடவா?" என்று கேட்டேன்.

பபூன் வேஷக்காரர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏய் மாப்ள, சனங்களுக்கு முதுகைக் காட்டியா நடிக்கப் போற? அப்ப ஒனக்கு மூஞ்சிக்குப் பவுடர் மிச்சம்டா!"

திரும்பிக்கொண்டே பாடினேன். எடுத்துக்கொண்டார்கள். முதலில் வாயில்காப்போன், பிறகு தூதன், பிறகு மந்திரி. ஒவ்வொரு வேஷத்தையும் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே பாடம் பண்ணினேன். யாராவது காய்ச்சலில் படுத்தால் அந்த இடத்தில் போய் நிற்பேன். அப்படியே மேலே வந்தேன்.

ஆத்தா ஒரே ஒரு தடவை நாடகம் பார்க்க வந்தாள். நான் இரண்டு காட்சி பேசி முடித்த பிறகும் அண்ணனிடம், "நம்ம புள்ள இன்னும் வரலையாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். டோப்பாவும் அரிதாரமும் ஜரிகைச் சட்டையும் போட்டவன் அவளுக்கு யாரோதான். பிறகு என்னிடம், "ஒன் காலைப் பாத்திருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேன்யா. எட்டத்துல ஒக்காந்துட்டேன்" என்றாள். சின்ன வயசில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி பட்டு என் இடது கால் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்தது. அதற்கு மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவள் அவள்.

எங்கள் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் பிணமாகக் கிடக்கிறவனுக்கு எல்லாச் சடங்கும் செய்யலாம், ஒன்றைத் தவிர. தலைமாட்டில் விளக்கு வைக்கலாம். வாய் திறக்காமல் நாடிக்கட்டுக் கட்டலாம். நெற்றியில் காசு வைக்கலாம். ஆனால் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டக் கூடாது. வேட்டியை இழுத்துப் பாதத்தை மூடிவிடுவார்கள். பபூன் அண்ணன்தான் எனக்குக் காரணம் சொன்னார். "அம்புட்டையும் முழுசாச் செஞ்சு வச்சா, நெசந்தான் போலன்னு எமன் வந்துருவான்டா. அவனுக்கு நாடகம் எது, நெசம் எதுன்னு என்ன தெரியும்? டிக்கெட்டு வாங்கிட்டா வாரான்?" எல்லோரும் சிரிப்போம். ஆனால் யாரும் கட்டமாட்டோம்.

பேசும் படம் வந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எங்களில் சிலரைக் கல்கத்தாவுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். எனக்குக் கதாநாயகனுடைய தம்பி வேஷம். பாதிக் கதையில் செத்துப்போகிற தம்பி. என் பெயர் திரையில் தனியாக வரப்போகிற முதல் படம் அது.

டைரக்டர் வங்காளி. சாவுக் காட்சி எடுக்கிற அன்று, உங்கள் ஊரில் பிணத்தை எப்படிக் கிடத்துவார்கள் என்று மொழிபெயர்க்க வைத்திருந்த துபாஷியைக் கேட்டார். துபாஷி தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், நாடகக்காரர் இல்லை. ஒன்று விடாமல் சொன்னார். டைரக்டருக்குக் கால் விரலைக் கட்டுவதுதான் பிடித்துவிட்டது. முகத்தை எடுக்கவேண்டாம், பாதத்தை எடுங்கள் என்றார். காமிராவை என் காலடிக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். துபாஷி வெள்ளைத் துணியில் ஒரு பட்டை கிழித்துக் கட்டினார். விளக்குச் சூட்டில் என் கால் வேர்த்து முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. உடனே துணியைக் குடிதண்ணீர்ப் பானையில் முக்கிப் பிழிந்து இறுக்கிக் கட்டினார். வேண்டாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. அங்கே நான் புது ஆள். கண்ணை மூடிக்கொண்டேன்.

காட்சி முடிந்ததும் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். நான் எழுந்து உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்துணி இறுகிக் கிடந்தது, நகம்கூட நுழையவில்லை. கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து உருவிக்கொண்டேன். முடிச்சு அவிழாமல், இரண்டு விரல் அளவுக்கு ஒரு வளையமாக அது பாயில் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் சாப்பிடப் போனேன்.

அதற்குப் பிறகு என் இடது கால் அடிக்கடி மரத்துப்போக ஆரம்பித்தது. நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பாதம் இன்னொன்றின் பக்கமாக இழுக்கும். ஒன்றுமில்லாத தரையில் தடுக்குவேன். உடம்புச் சூடு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

படம் வெளிவந்தது. சென்னையில் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் கொஞ்ச நாள் ஓய்வு கிடைத்தது. மதுரையிலும் படம் ஓடுகிறதென்று கேள்விப்பட்டு, கொஞ்சம் பெருமையோடுதான் ஊருக்குக் கிளம்பினேன். ஸ்டேஷனில் ஜட்கா பிடித்தேன். ஆரப்பாளையம் தாண்டும்போது வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்களை எங்கயோ பாத்திருக்கேனே... ஆத்தாடி! அந்தப் படத்துல சாகுற தம்பியில்ல நீங்க? ஏன்ணே, அப்பிடியா சாகுறது? எம்பொண்டாட்டி ரெண்டு நாளாச் சோறு திங்கலண்ணே!"

இறங்கும்போது கூலி வாங்க மாட்டேன் என்றார். "செத்தவுககிட்டக் காசு வாங்குனா என் குருதை வெளங்குமா?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜனங்கள் என்னை அடையாளம் கண்டு பேசியது அதுதான் முதல் தடவை.

தெருமுனையில் அண்ணன் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"வந்துட்டியா? ஆத்தாவைப் பாக்குறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்டா. நான்தான் அவளைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மூஞ்சியப் பாத்து நீன்னு அவளுக்குத் தெரியல. எங்கடா அவன், எங்கடா அவன்னு அரிச்சுக்கிட்டே இருந்தா. பெறகு அந்தக் காலைக் காட்டுனாய்ங்க பாரு."

"அழுதாளா?"

"அழுதிருந்தாத்தான் தேவலையே. அன்னையிலேருந்து தெனம் சாயங்காலம் ஆட்டத்துக்குப் போயிர்றா. சுடுகாடு வந்ததும் எந்திரிச்சு நடந்து வந்துர்றா. அது படம் ஆத்தா, அவன் நல்லாச் சோறு தின்னுக்கிட்டு மெட்ராசுல இருக்கான்னு தொண்டை கிழியச் சொல்லிட்டேன். அது எனக்கும் தெரியும்டாங்குறா."

ஆத்தா முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் முன்னால் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். வா என்றும் சொல்லவில்லை.

சமைத்தாள். எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், அவித்த முட்டை. இலை போட்டுத் தண்ணீர் வைத்து எல்லாவற்றையும் பரிமாறினாள். நான் உட்கார்ந்ததும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தகப்பனாருக்குப் படையல் போடும்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காத்திருப்போம், அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெளியே கடலை உடைக்கிற சத்தம்கூட இல்லை. இலையில் மிச்சம் வைக்கப் பயமாக இருந்தது.

அப்புறம் கதவைத் திறந்து, காலியான இலையைப் பார்த்தாள். "அந்தக் கட்டை யாருய்யா அவுத்தது?" என்று கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சதும் அவுத்துட்டாங்க ஆத்தா."

"யாரு?"

நான் இலையை மடித்தேன்.

"நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒருத்தனும் அவுக்கல. அப்பிடியே தூக்கிட்டுப் போறாய்ங்க, அப்பிடியே கட்டையில வைக்கிறாய்ங்க. ஒங்க அப்பனுக்கு மயானத்துல வச்சு அவுத்துட்டுத்தான் வச்சாகளாம். ஒங்க அண்ணன் வந்து சொன்னான். நான் எங்க அங்கெல்லாம் போனேன்?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகமாட்டார்கள். தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். புருஷனுக்கே அதுதான். ஆத்தா முதல் முதலாகச் சுடுகாட்டைப் பார்த்தது அந்தப் படத்தில்தான். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் கால்.

அன்று சாயங்காலமும் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். கொட்டகையில் தரை டிக்கெட்டில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. நான் கயிற்றோரமாக உட்கார்ந்தேன். என் படத்தை நான் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதம் வந்தது. திரை முழுக்க இரண்டு பாதம், பிளந்த நகம், வெள்ளைக் கட்டு. கொட்டகையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தவள், "எந்த மகராசி பெத்த புள்ளையோ, இப்பிடிக் கெடக்கானே!" என்றாள். ஆத்தா திரும்பவில்லை. அவள் மடியில் கைகள் இரண்டும் அசைந்துகொண்டிருந்தன. திரையையே பார்த்தபடி, விரலும் நகமுமாக எதையோ நெம்பி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேகமாக, இன்னும் வேகமாக. திரையில் புகை எழுந்தது. கை நின்றுவிட்டது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ படத்தில் செத்திருக்கிறேன். வாள் பட்டு, விஷம் குடித்து, ஆற்றில் விழுந்து. என் முகத்துக்கு அதுதான் பொருந்துகிறது என்றார்கள். அதில் எதையும் ஆத்தா பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. விரலைக் கட்ட யார் வந்தாலும் காலை மடக்கிக்கொள்வேன். அதனால் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன்.

ஆத்தாவோடு கொட்டகைக்குப் போன மறுநாள் மத்தியானம் அண்ணன் வயலுக்குப் போயிருந்தான். ஆத்தா கூடத்தைப் பெருக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தெக்க தலைய வச்சுப் படு."

"ஆத்தா, நான் உசுரோடதான இருக்கேன்" என்றேன்.

"படுய்யா."

பாய் இல்லாமல் தரையில் படுத்தேன். சாணி மெழுகின ஈரம் முதுகில் ஏறியது. கண்ணை மூடச் சொல்லவில்லை, நானாக மூடிக்கொண்டேன். அவள் என் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. என் காலிலும் ஒன்றும் இல்லை. பெருவிரல் இரண்டுக்கும் நடுவில் நகத்தை வைத்து நெம்ப ஆரம்பித்தாள். வெகு நேரமாயிற்று. மூச்சு வாங்கினாள். பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"நனச்சுல்ல கட்டியிருக்கான், பாவி" என்றாள்.

துணியை நனைத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. படத்திலும் அது தெரியாது.

பிறகு அவள் கை தளர்ந்தது. எதையோ சுருட்டிக் கொல்லைப் பக்கம் எறிகிற மாதிரி கையை வீசினாள். என் இடது காலில் ஊசி ஊசியாக ரத்தம் பாய்ந்தது. நான் கண்ணைத் திறந்தபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா இம்புட்டு மெலிஞ்சிருக்க? அந்த ஊருல சோறு போடுறாய்ங்களா, இல்லையா? எந்திரி, எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு. பொழுது சாயுற நேரத்துல என்னா படுக்கை?"

கதவைத் திறந்தே வைத்துச் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கிறவரை வைதுகொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் ஆட்டத்துக்குப் போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கொட்டகையில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் போட்டார்கள். நான் மத்தியான ரயிலில் சென்னைக்குப் போனேன்.