டிரெசர் குரலைத் தாழ்த்தியபோது

ஞாயிறு மாலை ஐந்தே கால் மணிக்குத் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நடந்த நாடகம் கைமீறியது. ராஜாவைக் குத்திக் கொல்லும் நண்பனாக என் மகன் நடித்தான். விசுவாசமுள்ள மந்திரியாக நடித்தவர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெசர்.

ஒல்லியான மனிதர், விரல்களில் எப்போதும் அயோடின் கறை. முக்கியமானதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். அன்றும் ராஜாவின் பிணத்தருகே உட்கார்ந்து, "இவர் கையால் சோறு தின்றவனே குத்தினான்" என்றார் மெதுவாக. களமே அழுதது.

"சோறு போட்டவரையாடா குத்துன, துரோகி!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர்கள் நாடகத்தை நிஜமென்றே நம்பி மேடையேறினார்கள். மகன் ரப்பர் மரங்களுக்குள் ஓட, கூட்டம் துரத்தியது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என் அதட்டலை யாரும் கேட்கவில்லை.

திடீரெனப் பெரட்டு மணி அடித்தது. விடியற்காலைதோறும் அந்த மணிக்குப் பழகிய கால்கள் தாமாகவே திரும்பி வந்து வரிசையில் நின்றன. அடித்தவர் டிரெசர். செத்த ராஜாவை எழுப்பி நிறுத்தி, "கோப்பி குடிக்கிறீங்களா?" என்று மெல்லக் கேட்டார். ராஜா தலையாட்டினார். வரிசை முழுவதும் சிரித்தது.

அந்தக் குரலை நம்புவதா, அதற்கு அஞ்சுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறகு அவரே என் மகனின் தோளில் கைபோட்டு மரங்களுக்குள்ளிருந்து அழைத்து வந்தார்.

"கிராணி ஐயா, புள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்ல. அடுத்த தடவ நானே ராஜாவா செத்துப்போறேன். பொணம் பேசாதுலா!"