ஒரே நாடாவில் கட்டிய இரண்டு கோப்புகள்

எண்பதுகளின் கடைசியில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். கணவருக்கு மெட்ராஸில் மத்திய அரசு வேலை. நானும் ஆறு வயது மகளும் இங்கே ஹைதராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில். மெட்ராஸ் கிளைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா தமிழில் கேட்டால் மகள் ஹிந்தியில் பதில் சொல்வாள். லீவில் வந்து போகிற மூன்று நாளில் அவர் எதைத் திருத்துவார்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது. விற்றவர்கள் டேப்பைக் கொடுத்துவிட்டு, மாறுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று போய்விட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு' என்று அந்த ஊர் ஹிந்தி அவர் பேச்சில் கலந்து வரும்.

"நீயே ஒரு குறிப்பு எழுதிக் குடும்மா. மாறலாமா, நக்கோவா? பழசைப் பத்தி உனக்குத்தானே தெரியும்."

"சார், என் டிரான்ஸ்ஃபர்?"

"அந்த ஃபைலையும் இதோட சேர்த்துக் கட்டச் சொல்லிட்டேன். இது முடிஞ்சா அதுவும் முடிஞ்சிடும். கைக்கு பயப்படுறே?"

சம்பந்தப்பட்ட கோப்புகளை ஒரே நாடாவில் கட்டி அனுப்புவது எங்கள் அலுவலக வழக்கம். மேலே இருப்பதில் முடிவாகும்வரை அடியில் இருப்பதை யாரும் தொடமாட்டார்கள். மேலே ஆபரேட்டிங் சிஸ்டம், அடியில் என் குடும்பம். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி யோசித்தேன். மாறலாம் என்று எழுதினால், ஸ்டோர்ஸ் சரக்குக் கணக்குக்கான புரோகிராம்கள் அத்தனையையும் திருத்தி எழுத வேண்டும். எழுதியவள் நான்தான், இரண்டு வருடம் நகரவிடமாட்டார்கள். வேண்டாம் என்று எழுதினால், பழசைக் கட்டி அழ நான் இங்கேயே கிடக்க வேண்டும். அது நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்பது என் தலைக்குள் மட்டுமே இருந்தது. ஏழு வருடமாக யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை. நன்றாக வேண்டும் எனக்கு.

மறுநாள் வேறொரு வழி தோன்றியது. பழசே போதும் என்று எழுதிவிட்டு, தலையில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால்? யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பிறகு நான் எதற்கு? ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு வேளையில், செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் கம்ப்யூட்டர் ஏ.சி. அறையில் நடுங்கிக்கொண்டே எழுதினேன். எந்தப் பிழைக்கு என்ன செய்ய வேண்டும், பிரிண்டர் பாதியில் நின்றால் எங்கிருந்து தொடர வேண்டும், எல்லாம் படம் போட்டு விளக்கினேன். பரீட்சைகூட இவ்வளவு அக்கறையாக எழுதியதில்லை. என் குறிப்போடு நோட்டையும் வைத்துக் கோப்பை அனுப்பினேன். பள்ளிக்கூடம் விசாரித்து வையுங்கள் என்று கணவருக்குக் கடிதம் போட்டேன். மெட்ராஸ் போகிறேன் என்று மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மூன்று வாரத்தில் கோப்பு திரும்பியது. மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம்மா! டைரக்டரே உன் நோட்டை முழுக்கப் படிச்சிருக்கார். இவ்ளோ தெளிவா எழுதுறவங்க இருக்கும்போது புதுசுக்கு மாற என்ன பயம்னு கேட்டுட்டார். மாறுறதுன்னு முடிவாயிடுச்சு. நீதான் பொறுப்பு."

நாடாவைப் பிரித்து அடியில் இருந்த என் விண்ணப்பத்தை எடுத்தேன். ஓரத்தில் பச்சை மையில், ஆங்கிலத்தில் ஒரே வரி: இணைத்துள்ள நோட்டைப் பார்க்கவும், இவரை விடுவிக்க இயலாது.

அன்று மதியம் கணவரின் அலுவலகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தாராம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் மோசமா எழுதியிருக்கக் கூடாதா?"

"எனக்கு மோசமா எழுத வரலையேங்க" என்றேன்.