வலது காலுக்கு மட்டும் ஒரு சாக்ஸ்

"ஞாயிறு, ஆராதனைக்கு முன்: இடது கால் உதைக்கிறது. வலது கால் யோசிக்கிறது."

இரண்டு மாத மகனைப் பற்றி என் கைபேசியில் நான் நாள் போட்டு வைத்திருக்கும் குறிப்பு இது. எல்லைக்கு அப்பால் உதியன்குளங்கரையில் மனைவி வீட்டோடு தங்கிவிட்ட விருதுநகர்க்காரன் நான். இந்த வீட்டில் யாருக்கும் விநோதமாகப் படாத ஒன்று எனக்குப் பட்டது. சித்திரை வெயிலில் பிள்ளை வலது காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தான்.

காரணம் தெரிந்ததுதான். பேரனைப் பார்க்க வந்த என் அம்மா, கண் படக்கூடாதென்று அந்தக் காலில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனாள். நம்மூரில் ஆட்டுக்குட்டிக்கும் கட்டுவோம், லாரிக்கும் கட்டுவோம். மனைவி ஷீபாவின் வீடோ பழைய மிஷன் சபைக் குடும்பம். சம்பந்தி கட்டியதை அவிழ்த்தால் மரியாதையில்லை, விட்டுவைத்தால் விசுவாசமில்லை. மாமியார் சாக்ஸை மாட்டி இரண்டையும் காப்பாற்றினார். தடுப்பூசி போடப் போன இடத்தில்கூடக் கழற்றவிடவில்லை.

அவரிடம் உதைக்காத அந்தக் காலைக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்ல மருமோனே, அப்பனப் போல மடியனாக்கும். ஏழு மணிக்கு முன்ன நீரு எந்தக் காலையாவது அனக்கினது உண்டா?"

சாக்ஸைக் கழற்றினேன். வலது கால் அப்போதும் யோசித்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஷீபா பையை எடுத்துவிட்டாள்.

"நாளைக்கு இவன் நடக்கலேண்ணா சபைக்காரரு வந்து தூக்குவினுமா? பொறப்படும்மா."

நெய்யாற்றின்கரை குழந்தை டாக்டரும் மாமியாரின் சபைதான் என்பது வழியில்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அங்கே போகாததற்கும் அதுதான் காரணம். டாக்டர் இறுகியிருந்த கயிற்றைப் பார்த்து, "இது ஆரு கெட்டியது?" என்றார். குற்றச்சாட்டு என்று நினைத்து, அம்மாவின் வயது, நல்ல மனசு, வளர்ப்பு முறை என்று நான் நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவரோ கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுவதற்கு யாரிடம் சம்மதம் வாங்குவது என்று தெரியக் காத்திருந்தார்.

"நானாக்கும் மூடினேன் டாக்டரே," என்றார் மாமியார். "ஆளுவ பேசுவினும்ணு."

"எனக்க பேரனுக்கும் கயிறு உண்டு," என்றார் டாக்டர். "இடுப்பில."

மாமியாரின் அந்த முகத்தைக் குறித்துவைக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

பிறகு டாக்டர் முழங்கால்களை மடக்கித் தொடைகளை மெதுவாக விரித்தார். இடது தொடை நன்றாக விரிந்தது. வலது பாதியில் நின்றது. கயிறோ சாக்ஸோ இதைச் செய்யவில்லை என்றார். இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஸ்கேனில்தான் தெரியும், சின்ன வயதிலேயே கண்டால் சரிசெய்யலாம். "ஆனா இன்னும் நேரத்தே காட்டியிருக்கணும்." மாமியார் குனிந்து பிள்ளையின் வெறும் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது விருதுநகரில் அம்மா மாரியம்மனுக்கு வெள்ளிக் கால் நேர்ந்திருக்கிறாள். இங்கே மாமியார் சபை நடுவே எழுந்து, மறைக்காமல் சொல்லி, ஜெபிக்கக் கேட்டுவிட்டார். இரண்டு ஊரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் மகனின் வலது இடுப்பு. டாக்டர் சொன்னபடி கால்கள் இரண்டும் என் விலாவின் இருபுறமும் கிடக்க அவனை மார்போடு தூக்கி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் உதை விழுகிறது; மறுபக்கம் வெறும் கனம்.

ஸ்கேன் வெள்ளிக்கிழமை. மூட்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.